வில்லின் மேல் கையும் கீழ் கையும்

நல்லூர் வட்டாரத்துச் சிறுவர்கள் மூங்கில் பத்தையை வளைத்துக் கயிறு கட்டி வில் செய்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வில் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளைந்திருக்கும். காரணம் எளிது. மூங்கிலின் அடிப்பகுதி தடிப்பு, நுனிப்பகுதி மெலிவு. விவரம் தெரிந்த பையன் தடித்த பக்கத்தைக் கத்தியால் சீவிச் சமன் செய்வான். கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால்? சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சூளையில் வெந்த பீங்கான் கோப்பையின் கோணலை நிமிர்த்த முடியாதது போலத்தான். இனி மறுபக்கத்தையும் சீவ வேண்டும். வில்லின் வலிமை மேலும் குறையும்.

இரு கைகளையும் இவ்வாறு இசைவுபடுத்துவதைத்தான் வில் செய்வோர் 'டில்லர்' பார்த்தல் என்கிறார்கள். மூங்கில் வில் நம் நாட்டில் பழங்கதையாகிவிடவில்லை. 'இந்தியன் ரவுண்டு' என்ற பெயரில் 30 மீட்டர், 50 மீட்டர் தூரங்களில் மூங்கில் வில்லுக்கென்றே போட்டிகள் நடக்கின்றன. இளமையில் மூங்கில் வில்லைப் பிடித்து வளர்ந்த ராஜஸ்தானின் லிம்பா ராம் 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக அம்பு எய்தார். ஆனால் ஒலிம்பிக்கில் பயன்படுவது வேறு வகை வில். முனைகள் எதிர்ப்புறமாக வளைந்த 'ரிகர்வ்' வில் அது. மூங்கிலிலிருந்து அதற்கு மாறும் மாணவர் பலர் முதலில் வாங்குவது, மரத்தாலான நடுத்தண்டும், மரமும் கண்ணாடி இழையும் அடுக்கி ஒட்டிய இரு கைகளும் கொண்ட, திருகாணியைக் கழற்றினால் மூன்று துண்டாகப் பிரியும் வில்லைத்தான்.

வில்லைக் கையில் பிடித்துப் பாருங்கள். அம்பு, நமது பிடிக்குச் சற்று மேலே செல்கிறது. பொதுவாக ஒரு விரலை அம்புக்கு மேலும் இரு விரல்களை அதற்குக் கீழும் வைத்து நாணை இழுக்கிறோம். ஆக, தள்ளும் இடமும் இழுக்கும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லை. மேல் கைக்கும் கீழ் கைக்கும் வரும் சுமையும் ஒன்றாக இல்லை. அதனால் கீழ் கையைச் சற்று விறைப்பாக அமைப்பது வழக்கம். நாணை விட்டதும் ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அம்பு வில்லை விட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் இரு கைகளும் ஒத்து நிமிராவிட்டால் அம்பின் பின்முனை மேலும் கீழும் ஆடும், கையில் அதிர்ச்சி தெரியும், வில் சத்தமிடும்.

டில்லரை அளக்க ஒரு அளவுகோல் போதும். நாண் ஏற்றிய வில்லில், மேல் கை நடுத்தண்டைச் சேரும் இடத்திலிருந்து நாண்வரை செங்குத்தாக அளக்க வேண்டும். கீழ் கைக்கும் அவ்வாறே. மேலே 190 மில்லிமீட்டர், கீழே 185 மில்லிமீட்டர் என்றால் டில்லர் 5 மில்லிமீட்டர். விறைப்பான கை குறைவாக வளைவதால், அந்தப் பக்கம் நாண் நெருங்கி நிற்கும். ஒரு விரல் மேல், இரு விரல் கீழ் முறைக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் சரியான அளவு. மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவர்களுக்கு வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் போதும்.

அளவு தலைகீழாக வருகிறதா? 'வில் சரியில்லை' என்று பையன் சோர்ந்துபோவதற்கும், தந்தை இன்னொரு வில்லுக்குக் கடன் வாங்குவதற்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைகள் மேல் கீழாக மாட்டப்பட்டிருக்கலாம். வில்லின் நீளமும் இழுவிசையும் பொறித்த கை, பெரும்பாலான வில்களில் கீழ் கை. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. செலவே இல்லாமல் சரியாகிவிடும்!

கைகள் சரியாக இருந்தும் டில்லர் பொருந்தவில்லையென்றால்தான் திருத்த வேண்டும். போட்டி வில்லின் நடுத்தண்டில் இதற்கென்றே திருகாணிகள் உண்டு. கீழ்த் திருகாணியை இறுக்கினால் கீழ் கை விறைக்கும். மர வில்லில் அந்த வசதி கிடையாது. அதன் திருகாணி கையைப் பிடித்து நிறுத்துவதற்கு மட்டுமே. டில்லருக்காக அதைத் தளர்த்தி வைத்தால், இழுக்கும்போது கை பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கும். கண்ணுக்கே ஆபத்து.

மர வில்லுக்கு உரிய வழி சக்கை வைப்பது. முதலில் நாணை இறக்கிவிட வேண்டும். பிறகு கையைக் கழற்றி, அது அமரும் மேடையில் காகிதம் அல்லது மெல்லிய தோல் துண்டை வைக்க வேண்டும். வெளிப்புற ஓரத்தில், அதாவது கையின் முனையை நோக்கிய பக்கம் வைத்தால் கை முன்னோக்கிச் சாய்ந்து விறைக்கும். பிடியை ஒட்டிய உட்புற ஓரத்தில் வைத்தால் தளரும். எவ்வளவு வைப்பது? மேடையின் நீளம் 8 சென்டிமீட்டர், அதற்கப்பால் கையின் நீளம் 50 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நாண் ஏற்றாத நிலையில், ஓரத்தில் வைத்த 1 மில்லிமீட்டர் சக்கை முனையை 6 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தும். நெம்புகோல் கணக்குதான்! எனவே காகிதத் தாள் தாளாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் நாண் ஏற்றி அளப்பதே நல்லது. தடித்த துண்டை ஒரே ஓரத்தில் செருகினால் திருகாணிக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, இறுக்கும்போது கை விரிசல் விடக்கூடும். படிப்படியாக மெலியும்படி அடுக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் சக்கைக்கும் அடங்காத வில்லை, செய்தவரிடமே திருப்பித் தருவது மேல் என்பது என் கருத்து.

மர வேலை தெரிந்த சிலர் கண்ணாடி இழையை அரத்தால் ராவித் திருத்த முற்படுவதுண்டு. வேண்டாம். மூங்கிலைச் சீவுவதும் இதுவும் ஒன்றல்ல, அடுக்குகள் பிரிந்துவிடும். கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லைப் போட்டு வைப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

டில்லரை மாற்றினால் நாணில் அம்பு பொருத்தும் இடமும் இடம் மாறும். அதையும் மறுபடி குறிக்க வேண்டும். அதன் பிறகு மூன்று விரலாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அம்பின் முனை இலக்கின் மேல் அசையாமல் நின்றால், சக்கை சரியாக அமைந்துவிட்டது. இழுக்க இழுக்க அது மேலே ஏறினாலோ கீழே இறங்கினாலோ இன்னும் ஒரு தாள் வைக்க வேண்டும், அல்லது ஒன்றை எடுக்க வேண்டும். சோதனைக்காக அம்பில்லாமல் நாணை விட்டுவிடாதீர்கள். அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் கைகளையே தாக்கும்.