பெட்டிக்குள் ஒரு விமானக் கோட்டு

விழுப்புரத்தில் எங்கள் டிரங்குப் பெட்டியில் ஒரு கனத்த கோட்டு இருக்கிறது. வெளியே தோல், உள்ளே செம்மறி ஆட்டு ரோமம். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்த என் மாமனாரின் அப்பா போட்டது. அவர் நினைவாக மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

இந்த வகைக்கு இர்வின் ஜாக்கெட் என்று பெயர். 6,000 மீட்டர் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 24 டிகிரி குளிராச்சே!

"ஒரே நாத்தம் அண்ணி, ஊற வச்சுத் துவைச்சுடலாமே" என்றாள் திண்டிவனத்து நாத்தனார். கூடவே கூடாது! பழைய தோல் நனைந்து காய்ந்தால் விறைத்து வெடித்துவிடும். வெயிலும் ஆகாது.

மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட விடுகிறேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ரோமத்தை மிருதுவான பிரஷ்ஷால் தட்டி வாருகிறேன். நன்றாகப் பிழிந்த துணியால் தோலை லேசாகத் துடைத்து, நிழலிலேயே உலர்த்துகிறேன். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். கழுத்துக்குள் இருக்கும் லேபிளைப் பிரிக்காதீர்கள். கோட்டின் வயதைச் சொல்வது அதுதான்.

இளம் தாய்மார்களே, ஒன்று முக்கியம். பூச்சிக்காக அந்துருண்டை போட்டால், அந்தப் பெட்டியில் குழந்தைத் துணியை வைக்காதீர்கள். அதன் நெடி சில பச்சைக் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும்.