ஹாஜியின் கைப்பொருள்: ரியாலும் ரூபாயும் மார்க்கச் சட்டமும்





ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வழிச்செலவுக்குரியதைத் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது இறைக் கட்டளை (அல்குர்ஆன் 2:197). இவ்வசனம் அருளப்பட்ட பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். யமன் நாட்டார் சிலர் கையில் ஒன்றுமின்றி ஹஜ்ஜுக்கு வருவார்கள். இறைவன் மீது தவக்குல் வைத்திருக்கிறோம் என்பார்கள். மக்காவை அடைந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். அந்தப் போக்கையே இவ்வசனம் திருத்தியது. எனவே பணத்தைத் திட்டமிட்டு எடுத்துச் செல்வது உலக ஆசையின் அடையாளம் ஆகாது. அது அமலின் ஒரு பகுதி.

நம் தொப்பம்பட்டி வட்டாரத்திலிருந்து ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோரில் முதியவர்களும், முதன்முறையாக விமானம் ஏறுவோரும் உண்டு. முருங்கையும் மக்காச்சோளமும் விற்று ஆண்டுக்கணக்கில் சேர்த்த ஹலாலான பணம் அது. ஆனால் அப்பணத்தை ரியாலாக மாற்றும் வேளையில்தான் வட்டியும் ஏமாற்றும் சட்ட மீறலும் உள்ளே நுழைகின்றன. பயணக் கிரியைகளை விளக்கும் வகுப்புகளில் இப்பகுதியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். அது போதாது.

முன்னோர்கள் பட்ட பாட்டை முதலில் அறிந்துகொள்வோம். சவூதி அரேபியாவில் 1950களின் தொடக்கத்தில் காகிதப் பணம் இல்லை. வெள்ளி ரியாலும் தங்க நாணயமுமே புழங்கின. ஹாஜிகள் வெள்ளிக் காசுகளைச் சுமந்து அலைய வேண்டியிருந்தது. 1952இல் தோன்றிய சவூதி நாணய நிறுவனத்திற்குக் காகிதப் பணம் வெளியிட அப்போது அனுமதி இல்லை. ஆகவே 1953இல் ‘ஹாஜிகளுக்கான ரசீது’ என்ற பெயரில் பத்து ரியால் தாள்களை அது வெளியிட்டது. பின்னர் ஐந்து ரியால், ஒரு ரியால் ரசீதுகளும் வந்தன. ஹாஜிகளுக்கென வந்த தாளை உள்ளூர் வணிகர்களும் விரும்பி ஏற்றனர். 1961இல் முறையான காகித ரியால் வெளிவந்தது. 1964இல் ரசீதுகள் திரும்பப் பெறப்பட்டன.

நம் நாட்டிலும் இதற்கொப்ப ஓர் ஏற்பாடு இருந்தது. வளைகுடா நாடுகளில் அன்று இந்திய ரூபாயே புழங்கிற்று. தங்கக் கடத்தலால் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. ஹஜ் பயணிகளுக்கென்றே பத்து ரூபாய், நூறு ரூபாய்த் தாள்களும் அச்சிடப்பட்டன. சாதாரணத் தாளினின்று வேறுபட்ட நிறம். எண்ணுக்கு முன் ‘ஹெச்.ஏ.’ என்ற எழுத்துகள். நம் ஊர்க் கடைவீதியில் அவை செல்லா. நாணயச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றை ‘ஹஜ் நோட்டு’ எனத் தேடுகின்றனர்.

அண்மைக்காலம் வரை ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றோருக்குப் புறப்படும் இடத்திலேயே 2,100 ரியால் கையில் தரப்பட்டு வந்தது. 2023 முதல் அம்முறை நிறுத்தப்பட்டு, தேவையான ரியாலை ஹாஜிகள் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் முறை வந்தது. பொறுப்பு நம் தோள்மீது வந்துவிட்டது. ஆகவே சட்டத்தையும் அறிய வேண்டும், மார்க்கத்தையும் அறிய வேண்டும்.

சட்டம் கூறுவது சுருக்கமானது. அந்நியச் செலாவணியை வங்கியிலோ ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ மட்டுமே வாங்க வேண்டும். பிற பயணிகள் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே ரொக்கமாகப் பெறலாம். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இவ்விதியில் விலக்கு உண்டு. ரூபாய் 50,000 அல்லது அதற்கு மேல் கொடுத்து வாங்கினால் காசோலை, அட்டை போன்ற வங்கி வழியில்தான் செலுத்த வேண்டும். இந்திய ரூபாயை 25,000 வரை உடன் கொண்டு செல்லலாம். திரும்பி வந்து வீடு சேர அது உதவும். பழனியிலோ ஒட்டன்சத்திரத்திலோ உள்ள எல்லா வங்கிக் கிளைகளிலும் ரியால் தாள் இருப்பில் இராது. பத்து நாட்களுக்கு முன்பே கேட்டு வைப்பது நலம். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு மாற்றினால் ஜி.எஸ்.டி. 180 ரூபாய், ‘வரி’ என்று ஆயிரக்கணக்கில் எவரேனும் கேட்டால் காரணம் கேளுங்கள்.

இனி மார்க்கச் சட்டத்திற்கு வருவோம். பணத்துக்குப் பணம் மாற்றுவதை ஃபிக்ஹ் நூல்கள் ‘ஸர்ஃப்’ என்கின்றன. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸே இதற்கு அடிப்படை. ஒரே இனமாயின் சம அளவும் உடனுக்குடன் கைமாறலும் வேண்டும். இனம் வேறாயின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் உடனுக்குடன் கைமாறியே தீர வேண்டும் என்பது அதன் கருத்து. காகிதப் பணமும் பொன், வெள்ளியைப் போன்றே இச்சட்டத்திற்கு உட்படும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

ஆகவே ரூபாயைக் கொடுத்து ரியாலை எந்த விலைக்கு வாங்கினாலும் குற்றமில்லை. தவணை மட்டும் கூடாது. ஆனால் ஐந்நூறு ரியால் தாளுக்குச் சில்லறையாக 490 ரியால் பெறுவது அப்பட்டமான வட்டி. இது மக்காவில் மட்டும் நடப்பதன்று. கிழிந்த 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து 450 பெறுவதும், பெருநாள் அன்பளிப்புக்காகப் புதுத்தாள் கட்டைக் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதும் இதே கணக்கில்தான் வரும். நம்மில் பலர் அதை ‘கமிஷன்’ என்றழைத்து மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

உடனுக்குடன் என்பதில் ஸஹாபாக்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் தெரியுமா? மாலிக் இப்னு அவ்ஸ் என்பார் நூறு தீனார்களை மாற்ற விரும்பினார். தல்ஹா (ரலி) அவர்கள் பேசி முடித்து, பொற்காசுகளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தம் கருவூலப் பொறுப்பாளர் காபாவிலிருந்து வரட்டும், வெள்ளியைத் தருகிறேன் என்றார்கள். அருகில் கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரலி) அவர்கள், வெள்ளியைப் பெறாமல் அவரை விட்டுப் பிரியாதே என்று மாலிக்கை அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுத் தடுத்தார்கள். தல்ஹாவோ சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். அவரது நாணயத்தில் எவருக்கும் ஐயமில்லை. சட்டம் சட்டமே!

இதை மனத்தில் இருத்தி, ஊரில் வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். “மச்சான் ஜித்தாவில் இருக்கிறார், ரூபாயை இங்கே அவர் வீட்டில் கொடுத்துவிடுங்கள், நீங்கள் போய் இறங்கியதும் ரியாலைக் கையில் தருவார்” என்கிறார்கள். இதில் ரூபாய் இன்று கைமாறுகிறது. ரியால் இருபது நாள் கழித்து வருகிறது. உமர் (ரலி) அவர்கள் தடுத்தது இதைத்தான். மேலும் இது உண்டியல் முறை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றமும் ஆகும். அந்த மச்சான் பிரதிபலன் கருதாது ரியாலை அன்பளிப்பாகத் தந்தால் அது வேறு.

கடன் வாங்குவதும் வேறு. மினாவில் பணம் தொலைந்து, உடன் வந்த ஊர்க்காரரிடம் 500 ரியால் கடன் பெறுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். கடன் ரியாலில்தான் நிற்கும். ‘ஊருக்கு வந்து 12,000 ரூபாய் தருகிறேன்’ என்று அங்கேயே விலை முடித்தால் அது தவணை மாற்றாகிவிடும். ஊர் திரும்பித் திருப்பித் தரும் நாளில், அன்றைய விலைப்படி ரூபாயாகக் கொடுத்து, அந்த அமர்விலேயே கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். பகீஃயில் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்று திர்ஹமாகப் பெற்றுவந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்த வழி இதுவே என அபூதாவூதில் காணலாம். அக்கடனை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதுவும் குர்ஆன் (2:282) காட்டிய நெறி.

அட்டைகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். ரியாலை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் தாள் கைக்கு வருவதில்லையே, அது கைமாறலாகுமா என்பது நியாயமான ஐயம். வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் கைப்பற்றியதாகவே கொள்ளப்படும் என 1990இல் ஜித்தாவில் கூடிய அதே அகாடமி விடையளித்துள்ளது. ஆகவே தயக்கம் வேண்டியதில்லை. தொலைந்தால் முடக்கிவிடலாம் என்பது கூடுதல் நன்மை.

உள்நாட்டு ஏ.டி.எம். அட்டையை எடுத்துச் செல்வோர் ஒன்றை மறக்கலாகாது. 2020 மார்ச் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியில் சொல்லித் திறந்தால்தான் அங்கு வேலை செய்யும். கடன் அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.மில் ரொக்கம் எடுப்பதை அறவே தவிருங்கள். கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் தவணை நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையா. பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். புனித ஹரமுக்கு அருகில் நின்று வட்டிக் கணக்கைத் தொடங்கி வைப்பது எத்துணைக் கேடு!

அங்குள்ள கடைகளில் இயந்திரம் ‘ரூபாயிலா, ரியாலிலா?’ என்று வினவினால் ரியாலையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் பழகிய பெயராயிற்றே என்று தொட்டுவிட்டால், அக்கடையின் மாற்று விலை நம் தலையில் விழும். ரியாலுக்கு 24 ரூபாய் எனக் கொண்டால் 400 ரியால் பொருளுக்கு 9,600 ரூபாய். ஐந்து விழுக்காடு கூட்டினால் 10,080. ஒரு சாப்பாட்டுக் காசு காற்றில் போகிறது.

பணம் முழுவதையும் ஒரே பையில் வைக்காதீர்கள். கணவன், மனைவி இருவரிடமும் பிரித்து வையுங்கள். அட்டையின் ரகசிய எண்ணை அட்டையோடு எழுதி வைக்காதீர்கள். இஹ்ராம் உடையில் பையேது என்று சிலர் தவாஃபின்போது பணத்தைக் கையிலேயே பிடித்து நெரிசலில் இழக்கின்றனர். பணப்பை கோத்த இடுப்புப் பட்டையை இஹ்ராமில் அணிவதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். தையல் இருக்கிறதே என்ற வீண் சஞ்சலம் வேண்டாம்.

ஊரார் ஸதகாவுக்கெனக் கொடுத்தனுப்பும் தொகை அமானத் ஆகும். அதைத் தனி உறையில் வைத்து, மாற்றிய அன்றைய விலையையும் கிடைத்த ரியாலையும் உறைமேல் குறித்துவிடுங்கள். நம் செலவுக்கு எடுத்துப் பின்னர் ஈடுசெய்யலாம் என்று அதில் கைவைக்கலாகாது. திரும்பியபின் மிஞ்சிய வெளிநாட்டுத் தாள்களில் 2,000 டாலர் மதிப்பு வரை நம்மிடமே வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைத்து ரூபாயாக மாற்றிவிட வேண்டும். பெட்டியில் கிடக்கும் ரியாலும் பணமே. ஆண்டு நிறைவில் ஜகாத் கணக்கிடும்போது அன்றைய ரூபாய் மதிப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.