இந்த ஜோடி... யாருக்கு யாரு?

காலேஜ் படிச்சுக்கிட்டே பாக்கெட் மணி தேத்த, வீட்டுக் கொல்லையில முயல் வளர்க்கலாம்னு ஐடியாவா? நல்ல ஐடியாதான். சினைக்காலம் 31 நாள், ஒரு ஈத்துக்கு 6 முதல் 8 குட்டி. கணக்குப் போட்டா தலை சுத்தும். ஆனா, கடைக்காரர் 'ஜோடி'ன்னு கூண்டோட நீட்டுறாரே, அந்த ரெண்டும் ஒரே தாய் வயித்துக் குட்டிங்களான்னு கேட்டீங்களா?

கேட்கணும் பாஸ். ஒவ்வொரு முயல்கிட்டயும் ஒண்ணு ரெண்டு கெட்ட ஜீன் கமுக்கமா ஒளிஞ்சிருக்கும். ஜோடியில ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும். கூடப் பிறந்ததுங்களைச் சேர்த்தா, அப்பா பக்கமும் அம்மா பக்கமும் அதே கெட்ட ஜீன் வந்து விழுற வாய்ப்பு எகிறிடும். இதுதான் உள்ளினச் சேர்க்கை. முதல் தலைமுறையில 25 சதவிகிதம், அடுத்ததுல 37.5, மூணாவதுல 50. ஆறு மாசத்துல முயல் பருவத்துக்கு வந்துடுறதால, ரெண்டே வருஷத்துல 50-ஐத் தொட்டுடலாம்! குட்டி எண்ணிக்கை குறையும், பிறந்ததும் சாகும், எடை ஏறாது. சிலதுக்குக் கீழ்த்தாடை நீண்டு, பல் ஒண்ணோட ஒண்ணு உரசாம வளர்ந்துக்கிட்டே போகும். தீனி எதிர்ல இருக்கும், திங்க முடியாது. பாவம்.

(சிரிக்காதீங்க. சொந்தத் தாய்மாமாவைக் கட்டினா பிறக்கிற குழந்தைக்கு இதே கணக்குல 12.5, அத்தை பையனைக் கட்டினா 6.25. நம்ம ஊர்ல இது முயல் கதை மட்டும் இல்லை.)

அப்போ ஆஸ்திரேலியா? 1859-ல தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்ச 24 முயல்தானே நாட்டையே மேய்ஞ்சுது? நியாயமான டவுட். அதுங்க காட்டு முயல் ரத்தமும் வீட்டு முயல் ரத்தமும் கலந்ததுங்க. 1950-ல மிக்ஸோமா வைரஸை அவிழ்த்துவிட்டப்போ, நோய் வந்ததுல 99 சதவிகிதத்துக்கு மேல செத்துச்சு. மிஞ்சினது எப்படித் தப்பிச்சுது? எதிர்ப்பு தர்ற ஜீன் வகைகள் கூட்டத்துல முன்னாடியே கலந்து கிடந்துச்சுன்னு 2019-ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. எல்லாமே ஒரே அச்சா இருந்திருந்தா கதை முடிஞ்சிருக்கும்.

நம்ம பண்ணைக்கு வருவோம். 7 பெண்ணுக்கு 3 ஆண் வெச்சா, தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை சுமார் 6 சதவிகிதம்தான் ஏறும். தீவனத்தை மிச்சம் பிடிக்க ஒரே ஆணை வெச்சா 14! மிச்சம் பிடிக்கிற இடமா அது? கூண்டுகளை மூணு குழுவாப் பிரிங்க. பெண் குட்டி அதே குழுவுல இருக்கட்டும், ஆண் குட்டி அடுத்த குழுவுக்குப் போகட்டும். காதுல நம்பர், நோட்டுல அப்பா-அம்மா பேரு கட்டாயம். புது ஆணை வேற பண்ணையில வாங்கி, ரெண்டு வாரம் தனியா வெச்சுட்டுச் சேருங்க. ஒரு சிக்கல்: கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்துலேர்ந்து ஒயிட் ஜெயின்ட், சோவியத் சின்சில்லா குட்டிகளைப் பலரும் வாங்கிட்டு வர்றாங்க. பக்கத்து ஊர்க்காரரும் நீங்களும் ஒரே ஈத்துக் குட்டிகளை வாங்கியிருந்தா, ஆணை மாத்திக்கிட்டும் புண்ணியமில்லை.

பெரம்பலூர் பக்கத்துப் பசங்களுக்கு, வாலிகண்டபுரத்துலேயே ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையம் இருக்கு. சந்தேகம்னா போய்க் கேளுங்க. போகும்போது அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க.