நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

1944 ஜனவரி 11 அன்று பினாங்குக் கடலில் ஜப்பானின் 'குமா' போர்க்கப்பலை மூழ்கடித்த நீர்மூழ்கியின் பெயர் டாலி-ஹோ. திருகோணமலையிலிருந்து வேட்டைக்குப் போய்வந்த பிரித்தானியக் கப்பல் அது. அந்த ஆண்டுகளில் நம் துறைமுகத்தில் தாய்க்கப்பலின் ஓரமாக நீர்மூழ்கிகள் கட்டிக் கிடந்தன. அவற்றின் போர்க்கதைகளைப் பலர் எழுதிவிட்டார்கள். மாலுமிகளின் காலடித் தளத்துக்குக் கீழே கிடந்த பற்றரிகளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். நீருக்குள் இறங்கிவிட்டால் அந்தக் கப்பலுக்குப் பற்றரிதான் உயிர். டாலி-ஹோ 'டி' வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்புக் கப்பலில் 336 ஈய-அமிலக் கலங்கள், 112 வீதம் மூன்று தொகுதிகளாக இருந்தன. ஒரு கலம் தருவது ஏறத்தாழ 2 வோல்ட். டோர்ச் லைட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோமே, அதேபோல ஒன்றின் நேர்முனையை அடுத்ததன் எதிர்முனையோடு தொடுத்துக்கொண்டு போனால் 112 கலங்களுக்கு 224 வோல்ட் கிடைக்கும். இதைத்தான் தொடரிணைப்பு என்கிறோம்.

தொடரிணைப்பில் எல்லாக் கலங்களுக்குள்ளும் ஓடுவது ஒரே மின்னோட்டம். பலமுள்ள கலத்துக்குக் கூட, பலமில்லாததற்குக் குறைய என்ற சலுகை கிடையாது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றோடு கட்டுண்ட ஒருவர் களைத்துவிட்டாலும் மற்றவர்கள் இழுப்பதை நிறுத்தமாட்டார்கள். அவரும் சேர்ந்து இழுபடுவார். நலிந்த கலத்தின் கதியும் அதுதான். அது வற்றிய பிறகும் மற்றவை அதனூடாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் வோல்ட் பூச்சியத்துக்கு வந்து, பிறகு தலைகீழாகும். நேர்முனை எதிர்முனையாகிவிடும். கலம் சூடேறும், ஐதரசன் கக்கும். காற்றில் ஐதரசன் 4 வீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். மூடிய இரும்புக் கூட்டுக்குள், கடலுக்கு அடியில், அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

இலங்கைத்துறை முகத்துவாரத்தில் ஒரு மீன்பிடிப் படகு விளக்குக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பற்றரியை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஆறு கலங்கள். நிறைந்திருக்கையில் மொத்தம் சுமார் 12.6 வோல்ட். ஒரு கலம் செத்தால் 10.5 ஆகிவிடும். மீற்றரை வைத்த உடனே தெரியும். 112 கலங்களில் ஒன்று செத்தால்? 224 இருந்த இடத்தில் 222. ஒரு வீதம்கூடக் குறையவில்லை. மோட்டார் ஓடும்போது மொத்த வோல்ட் அதைவிடக் கூடவே ஏறி இறங்கும். அந்தச் சலனத்துக்குள் செத்த கலம் ஒளிந்துகொள்ளும்.

ஆகவேதான் நீர்மூழ்கியின் மின் பிரிவினர் வோல்ட்மீற்றரோடும் அமிலத்தின் அடர்த்தி காட்டும் நீரமானியோடும் தவழ்ந்து போய்க் கலம் கலமாக அளந்தார்கள். சில கலங்களைப் 'பைலட்' கலங்கள் என்று குறித்துவைத்து அடிக்கடி பார்ப்பதும், மற்ற எல்லாவற்றையும் முறைவைத்து அளந்து பதிவதும் நீர்மூழ்கிகளின் வழக்கம். வெக்கையும் அமில வாடையும் நிறைந்த அந்த வேலைக்கு யாரும் பதக்கம் குத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் கப்பல் மேலே வந்ததற்கு அவர்களும் காரணம்.

இந்தக் கதை நம் வீடுகளுக்கு வர 80 ஆண்டுகள் ஆகவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இன்வேர்ட்டர் வைத்திருந்தவர்கள் பலரிடம் இருந்தவை இரண்டு 12 வோல்ட் பற்றரிகளைத் தொடுத்த 24 வோல்ட் அமைப்புகள். அதில் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றுவது நம் பழக்கம். சிக்கனம்தான், ஆனால் அது தவறான சிக்கனம். சார்ஜர் மொத்தமாக 28.8 வோல்ட்டைத்தான் எதிர்பார்க்கிறது, அதாவது தலைக்கு 14.4. பழைய பற்றரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. அது சீக்கிரம் நிறைந்து 15.6 வரை போய்விடும். புதியது 13.2 இலேயே நிற்கும். கூட்டிப் பாருங்கள்: 28.8. சார்ஜருக்குத் திருப்தி. பழையது கொதித்து நீரை இழக்கிறது, புதியது என்றைக்கும் நிறையாமல் தட்டுகளில் சல்பேற்று படிந்து இளமையிலேயே கிழடாகிறது.

லித்தியம் பற்றரியில் இந்தப் பிழைக்கு மன்னிப்பே இல்லை. ஈய-அமிலக் கலம் கொஞ்சம் மிஞ்சிச் சார்ஜ் ஆனால் வாயுவாகக் கக்கித் தாங்கிக்கொள்ளும். லித்தியம் கலத்துக்கு அந்த வடிகால் இல்லை. சோலார் வீடுகளுக்கு இப்போது வரும் லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகையில் ஒரு கலத்தின் மேல் எல்லை 3.65 வோல்ட், கீழ் எல்லை 2.5. பதினாறு கலங்கள் தொடுத்தால் '48 வோல்ட்' பற்றரி. மொத்தம் 54.4 காட்டினால் தலைக்கு 3.4 என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் பதினைந்து கலங்கள் 3.37 இல் இருக்க, ஒன்று மட்டும் 3.85 க்குப் போயிருந்தாலும் மொத்தம் அதே 54.4 தான்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. இந்த வகைக் கலம் பாதி நிறைந்திருந்தாலும் முக்கால்வாசி நிறைந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டைத்தான் காட்டும். நிறையும் தறுவாயிலும் வற்றும் தறுவாயிலும்தான் வேற்றுமை வெளியே வரும். நடுவேளையில் அளந்துவிட்டு எல்லாம் சமம் என்று மகிழ்வதில் பொருளில்லை.

அளப்பதே ஒரு கலை. பதினாறாவது கலம் தரையிலிருந்து, அதாவது முதல் கலத்தின் எதிர்முனையிலிருந்து, 48 வோல்ட் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தலையையும் காலையும் தரையிலிருந்து தனித்தனியே அளந்து கழித்தால், மீற்றரின் ஒரு வீதப் பிழை ஏறக்குறைய அரை வோல்ட் ஆகிவிடும். நமக்கு வேண்டியதோ வோல்ட்டின் நூறில் ஒரு பங்கு. மேல்படியின் உயரம் வேண்டுமென்றால் கீழ்ப்படியில் நின்றுதான் அளக்கவேண்டும். இதற்கு ஒரு பழைய உபாயம் எனக்கு மிகப் பிடிக்கும். ஒரு கொள்ளளவியைக் கலத்தோடு கணநேரம் இணைத்து, அதன் வோல்ட்டை ஏற்றிக்கொண்டு, கலத்திலிருந்து முற்றாகப் பிரித்து, பிறகு மீற்றரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கிணற்றில் வாளியால் மொண்டு வந்து கரையில் வைத்துப் பார்ப்பதுபோல. கிணறு எவ்வளவு ஆழமென்ற கவலை மீற்றருக்கு இல்லை.

இன்று அந்த வேலையைச் சில்லுகள் செய்கின்றன. ஒரு சில்லே பன்னிரண்டு கலங்களை ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் அளந்து முடிக்கிறது. இத்தகைய சில்லுகளைக் கொண்டதுதான் பற்றரிப் பெட்டிக்குள் இருக்கும் 'பி.எம்.எஸ்.' என்ற பற்றரி மேலாண்மைப் பலகை. பதினாறு கலங்களுக்குப் பதினேழு மெல்லிய வயர்கள் போகும். எந்தக் கலமாவது எல்லையைத் தொட்டால் முழுப் பற்றரியையும் துண்டிக்கும். முந்திக்கொண்டு நிறையும் கலத்திலிருந்து ஒரு தடையி வழியாகச் சிறிது மின்னை வெப்பமாக வடியவிட்டு, பிந்தியவை வந்துசேர இடம்கொடுக்கும். நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவுக்கென 2024 இல் இந்திய உதவியோடு ஒப்பந்தமான காற்று-சூரிய மின் திட்டத்தில் 2400 கிலோவோட் மணி பற்றரிச் சேமிப்பு அடங்குகிறது. கலங்களைக் கவனிக்காமல் அந்த அளவை ஒருநாளும் நடத்த முடியாது.

கண்காணிப்பு எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2013 ஜனவரி 7 அன்று பொஸ்டன் விமான நிலையத்தில் நின்ற போயிங் 787 விமானத்தின் பற்றரி தீப்பிடித்தது. எட்டே கலங்கள், வோல்ட்டைக் கவனிக்கும் அமைப்பும் இருந்தது. ஆனால் கோளாறு ஒரு கலத்துக்குள்ளேயே ஏற்பட்ட குறுக்குச்சுற்று என்று அமெரிக்க விசாரணை கண்டது. வோல்ட் என்பது கலத்தின் நாடித்துடிப்பு மட்டும்தான்.

உங்கள் வீட்டில் இரண்டு பற்றரி இன்வேர்ட்டர் இருந்தால் ஒன்று செய்யுங்கள். சார்ஜ் முடியும் வேளையில், மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவைத்துவிட்டு, மல்டிமீற்றரை ஒவ்வொரு பற்றரியிலும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வித்தியாசம் 0.2 வோல்ட்டைத் தாண்டி மாதாமாதம் வளருமானால் கடைக்காரர் என்ன சொன்னாலும் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.