உங்களுக்குத் தெரியுமா? அரை விநாடியில் மாட்டிய ஆசாமி!

கே.கே. நகர் வளைவுப் பக்கம் நின்று டீ குடித்துவிட்டு, காசை போனில் அனுப்பியிருப்பீர்கள். அந்த ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் ஓடுவது லினக்ஸ்!

அதற்குள் ரகசியங்களைப் பூட்டித் தருவது 'போரிங் எஸ்.எஸ்.எல்.' என்ற லைப்ரரி. கூகுள் வளர்த்த பிள்ளை. பெற்ற தாயோ 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.'! யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். பைசா செலவில்லை!

உலகத்து வெப்சைட்டுகளில் பெரும்பங்கைப் பூட்டிக் காத்த அந்தத் தாய்க்கு, 2014 வரை வந்த நன்கொடை எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான்! முழுநேரமும் அதே வேலையாக இருந்தவர் ஒரே ஒருவர்!

2011 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக்குக் காத்திருக்க, ராத்திரி 11 மணி வாக்கில் ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் புதுசாகக் கொஞ்சம் புரோகிராம் வரிகள் சேர்ந்தன. ஓர் அளவைச் சரிபார்க்கும் வரி மட்டும் விட்டுப்போனது. அந்த ஓட்டைதான் 'ஹார்ட்பிளீட்'!

ஒரு தடவை கேட்டால் சர்வரின் மெமரியிலிருந்து 64 கே.பி. வரை வந்து விழும். எத்தனை தடவை கேட்டாலும் விழும்! கனடா வரித்துறையில் மட்டும் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின!

இரண்டு வருஷம் யார் கண்ணிலும் படாத அந்த ஓட்டையை, கூகுளின் நீல் மேத்தாவும் பின்லாந்தின் கோடினோமிகான் நிறுவனமும் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தார்கள்! மேத்தாவுக்குக் கிடைத்த பரிசு 15,000 டாலர். அதைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான அமைப்பு ஒன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார், மனுஷன்!

கோபம் வந்த ஓப்பன் பி.எஸ்.டி. குழு, ஓப்பன் எஸ்.எஸ்.எல். புரோகிராமை எடுத்து வெட்டத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போனது 90,000 வரிகள்!

2014-ஐ மறக்கவே முடியாது. மார்ச்சில் க்னூ டி.எல்.எஸ். என்ற இன்னொரு பூட்டு லைப்ரரி, ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல்., செப்டம்பரில் லினக்ஸின் கட்டளைக் கருவி 'பாஷ்' என்று வரிசையாக ஓட்டைகள். பாஷில் சிக்கிய 'பக்' என்ற பிழையின் வயது 25!

இனிமேல்தான் சங்கதியே! எக்ஸ்.இசட். என்று ஒரு லைப்ரரி. கோப்புகளைச் சுருக்குவது மட்டும்தான் அதன் வேலை. பின்லாந்தின் லாஸ்ஸே காலின் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல பேட்ச், பணிவான பேச்சு!

2022-இல் வேறு சில பெயர்கள் முளைத்தன. "ஏன் இவ்வளவு தாமதம்? வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்கிற தொனியில் காலினை நச்சரித்தன. அதில் ஒரு பெயர் 'ஜிகர் குமார்'! நம்ம நாட்டுப் பெயர்! நிஜத்தில் அது யார் என்று இன்றுவரை ஆள் அகப்படவில்லை!

காலின் தன் மனநலப் பிரச்சினையை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகும் நச்சரிப்பு ஓயவில்லை. (படித்தபோது எங்களுக்கே கோபம் வந்தது!)

பொறுப்பு கைமாறியது. 2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. இரண்டிலும் சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு 'பேக்டோர்'! ஒளித்துவைத்த இடமோ, பரிசோதனைக்கென்று வைத்திருந்த 'பழுதான' கோப்பு! பழுதான கோப்பை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்?

பார்த்தார் ஒருவர்! மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அவர் தேடியதே வேறு: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் வேகம். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். லாகின் 0.299 விநாடியில் முடிய வேண்டியது. எடுத்துக்கொண்டதோ 0.807 விநாடி. அரை விநாடி உறுத்தியது!

2024 மார்ச் 29, புனித வெள்ளி. உலகத்துக்குச் சொல்லிவிட்டார்! ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10! இரண்டரை வருஷச் சதி, அரை விநாடியில் காலி!

இதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04-இன் பீட்டா வெளியீடே ஒரு வாரம் தள்ளிப்போனது. ஏப்ரல் 4 போய், ஏப்ரல் 11!

உபுண்டு நமக்கெதற்கு என்கிறீர்களா? உச்ச நீதிமன்றத்தின் இ-கமிட்டி நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களுக்குத் தேர்ந்தெடுத்ததே உபுண்டு லினக்ஸைத்தான்! கே.கே. நகரை ஒட்டிய நம்ம மாவட்ட நீதிமன்றமும் அதில் சேர்த்தி!

உங்கள் வீட்டுப் பிள்ளை வாங்கிய விலையில்லா லேப்டாப்பில் 'பாஸ்' என்று ஒன்று இருந்ததே? அதுவும் லினக்ஸ். ஆக்கியது சென்னை சி-டாக், முதல் வெளியீடு 2007! பாஸ், உபுண்டு இரண்டுக்குமே மூலம் டெபியன் என்ற லினக்ஸ்!

அந்த டெபியனிலும் ஒரு கூத்து நடந்தது. 2006-இல் 'வால்கிரைண்ட்' என்ற சோதனைக் கருவி எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லில் இரண்டே வரியை முடக்கினார்கள். பாதுகாப்புச் சாவிகளின் எண்ணிக்கை, எண்ண முடியாத தொகையிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் சுமார் 32,768 ஆகச் சுருங்கிப்போனது! வெளியே தெரிந்தது 2008 மே மாதம்!

இப்போது பிடியுங்கள், எங்கள் கண்டுபிடிப்பை! 2024-இல் ஃபிராய்ண்டுக்குத் துப்புக் கொடுத்ததில் பங்கு யாருக்கு? அதே வால்கிரைண்டுக்கு!

செத்த பக் எழுந்து வருமா? வரும்! ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சில் 2006-இல் புதைத்த பக், 2020-இல் செய்த ஒரு சின்ன மாற்றத்தால் உயிர்பெற்றது. 2024 ஜூலையில் அகப்பட்டபோது, ஆபத்தில் இருக்கக்கூடிய சர்வர்கள் 1.4 கோடிக்கு மேல்!

சில ஓட்டைகள் சீக்கிரமே அடைபடும். லிப்ஜிகிரிப்ட் என்ற இன்னொரு பூட்டு லைப்ரரியின் 1.9.0 வெளியானது 2021 ஜனவரி 19. பெரிய ஓட்டை ஒன்று அகப்பட்டது. திருத்திய 1.9.1 வந்த தேதி ஜனவரி 29. பத்தே நாள்!

அதன் பின்னால் இருந்த ஜெர்மானியர் வெர்னர் கோக், 1997-இலிருந்து மின்னஞ்சலைப் பூட்டும் ஜி.பி.ஜி. மென்பொருளைக் கட்டிக் காப்பவர். அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் நம்பியது இவர் மென்பொருளை! கையில் மிஞ்சியது வருஷத்துக்குச் சுமார் 25,000 டாலர். 2015 பிப்ரவரியில் இந்தக் கதை பத்திரிகையில் வந்தது. ஃபேஸ்புக் 50,000 டாலர், ஸ்ட்ரைப் 50,000 டாலர் என்று வருஷா வருஷம் தருவதாக வாக்குக் கொடுத்தன!

நம் நாட்டிலும் கை நீண்டிருக்கிறது! பெங்களூருவின் பங்கு வர்த்தக நிறுவனம் ஜெரோதா 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் தொடங்கியது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு வருஷத்துக்கு 10 லட்சம் டாலர்! ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை! விண்ணப்பம் என்று கட்டுக்கட்டாகத் தாள் எல்லாம் வேண்டாம். 'ஃபண்டிங்.ஜேசன்' என்று ஒரு குட்டிக் கோப்பை எழுதிவைத்து, அதன் லிங்க்கைக் கொடுத்தால் போதும்!