பழைய பந்தயக் காரும் அமுக்க விகிதமும்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை வேகமாக அழுத்திப் பாருங்கள். அதன் அடிப்பகுதி சுடும். காற்றை ஒடுக்கினால் வெப்பம் பிறக்கும் என்பதை நான் வகுப்பில் இவ்வாறுதான் விளக்குவது வழக்கம். பழைய பந்தயக் கார்களைப் பேணுவோர் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டை மில்லிங் இயந்திரத்தில் ஏற்றிச் சீவுகிறார்களே, அவ்வேலையின் பயனும் ஆபத்தும் இந்த ஓர் உண்மையிலேயே அடங்கியுள்ளன.

இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை செய்யப்பட்ட ஆஸ்டின் செவன் என்னும் சிறு காரை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து 747 கன செ.மீ. கொள்ளளவு உடையது. விலை மலிவாதலால் பிற்காலத்து இளைஞர் பலர் இதனைப் பந்தயக் காராக மாற்றினர்.

பிஸ்டன் அடியில் நிற்கையில் அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பதே அமுக்க விகிதம். இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு சுமார் 187 கன செ.மீ. விகிதம் 5 எனில் உச்சியில் எஞ்சும் இடம் ஏறக்குறைய 47. அதை 6 ஆக்க 37 போதும். குறைய வேண்டியது சுமார் 9 கன செ.மீ. ஹெட்டிலுள்ள குழிவின் வாய்ப்பரப்பு 45 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சீவ வேண்டிய கனம் 2 மி.மீ. மட்டுமே! கொள்கையளவில் எஞ்சினின் திறன் நூற்றுக்கு 47.5-லிருந்து 51-க்கு உயர்கிறது. உண்மை எஞ்சின்களில் இரண்டுமே இவற்றினும் மிகக் குறைவுதான். எனினும் அதே பெட்ரோலுக்கு வேலை சற்று மிகுதியாகக் கிடைக்கிறது.

அப்படியானால் மேலும் சீவினால் என்ன? இங்கேதான் ஆசை மனிதனை ஏமாற்றுகிறது. பொறி பற்றியபின் தீ பரவுகையில், மூலையில் எரியாது எஞ்சிய கலவை அளவுக்கு மீறி நெருக்கப்பட்டுச் சூடேறித் தானே வெடித்துவிடும். சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி எழும். நீடித்தால் பிஸ்டன் சிதையும். இதனைத் தடுக்க 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டார். அது நச்சு, சாலை வாகனங்களுக்கு அதனைக் கலந்து விற்பது உலகெங்கும் ஒழிய 2021 ஆயிற்று.

இன்றைய பெட்ரோல் அக்காலத்துப் பெட்ரோலினும் அமுக்கத்தை நன்கு தாங்கும். ஆனால் பழைய உலோகம்? ஆஸ்டின் செவனில் 1936-க்கு முந்திய எஞ்சின்களின் கிராங்க் தண்டுக்கு இரு முனைகளில் மட்டுமே தாங்கிகள். அழுத்தம் கூடக் கூட நடுப்பகுதி வளையும். மேலும் இதன் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்று குழிவுக்குள் எழுபவை. குழிவு ஆழம் குறைந்தால் காற்று செல்லும் வழியும் குறுகும். 1951-ல் இவ்வகை எஞ்சினைக் கொண்டு வெற்றிகள் பெற்ற காலின் சாப்மன், காற்று புகும் வழியைத் திருத்துவதிலும் கருத்தூன்றினார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே கைதேர்ந்த பட்டறைக்காரர் முதலில் ஹெட்டைத் தலைகீழாக வைத்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் குழிவை மூடி, பியூரெட்டிலிருந்து எண்ணெய் விட்டு அதன் கொள்ளளவை அளப்பர். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள அதே பியூரெட்தான். நான்கு குழிவுகளும் ஒத்திருக்கின்றனவா என்றும் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு சிறிது சீவி, வால்வின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, ஹெட்டை மூடிக் கிராங்கைக் கையால் சுற்றுவர். திறந்து பார்க்கையில் நசுங்கிய களிமண்ணின் கனமே எஞ்சியுள்ள இடைவெளி. அது போதாதெனில் தடித்த கேஸ்கெட் இடலாம். சீவிய இரும்பை மீண்டும் ஒட்ட வழியில்லை.