அசையும் சுரமும் நிற்கும் சுரமும்

மயிலாடுதுறையில் வளர்ந்த எனக்குத் தன்யாசி என்றால் மாயூரநாதர் மீது முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கிருதிதான். அண்மையில் ஒரு கலப்பிசை நிகழ்ச்சியில் அதே ராகத்தைக் கேட்டேன். அசைய வேண்டிய காந்தாரம் கிதாரின் பொருட்டு அசையாமல் நின்றது. சுரங்கள் இருந்தன, தன்யாசி இல்லை.

சிக்கலின் வேர் இதுதான். நம் இசையில் கமகம் சுரத்தை அசைக்கிறது. மேற்கத்திய ஒத்திசையிலோ ஒரே கணத்தில் ஒலிக்கும் பல சுரங்கள் நிலைத்து நின்றால்தான் இசைவு பிறக்கும். தீட்சிதர் (1775–1835) இரண்டையும் அறிந்தவர். பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரத்தை அமைத்தபோது சுரங்களை நேராகவே விட்டார், கிருதிகளில் குழைத்தார். ஒன்றின் பொருட்டு மற்றொன்றைச் சிதைக்கவில்லை.

இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்ய இயலாதா? இயலும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன், பின்னர் 'மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்தார். அதில் முதல் வயலின் கிருதியைக் கமகத்தோடு இசைக்கிறது. இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ ஆகியவை அதைச் சுற்றித் துணை இழைகளைப் பின்னுகின்றன. ராகம் வளைந்துகொடுப்பதில்லை, ஒத்திசைதான் அதற்கு இடம் தருகிறது.

புதிதாக இயற்றும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: உலக இசை அனைத்திலிருந்தும் தாராளமாகப் பெறுங்கள். ஆனால், எந்தச் சுரம் அசைய வேண்டும், எது நிற்கலாம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அதன் பிறகு கருவிகளைத் தேர்ந்தெடுங்கள்.